பறிக்கவியலா உரிமையும் ஃபெடரல் அதிகாரத்தின் எல்லையும்: அமெரிக்க நீதிமன்றத்தில் எது நிற்கும், எது நிற்காது?

குறுக்குத்துறை:
வேறொரு இழையில் இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடுவது மூன்றும் பறிக்கவியலாத உரிமைகள் என்று 1776 சுதந்திரப் பிரகடனமே சொல்லிவிட்டது. அதற்கு எதிரான ஃபெடரல் (அதாவது மத்திய அரசின்) சட்டம் எதுவும் செல்லாது" என்கிறார். மற்றவர், "மத்திய அரசுக்குத் தராத அதிகாரம் மாநிலத்துக்கும் மக்களுக்கும் என்று சொல்லும் பத்தாம் திருத்தம் இருக்கும்போது என்ன கவலை? மாநிலத்துக்குப் பிடிக்காவிட்டால் ஃபெடரல் சட்டத்தைத் தூக்கி எறியலாம்" என்கிறார். இரண்டுமே இடிக்கிறது. பிரகடனத்தை வைத்து வழக்காட முடியுமா? மாநிலம் எதுவரை மறுக்கலாம்? ஃபெடரல் அதிகாரி ஒருவர் உரிமையை மீறினால் யார்மேல் வழக்குப் போடுவது? தெரிந்தவர்கள் வழக்கும் ஆண்டும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பனையோலை:
முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: முடியாது. நாட்டின் உச்ச சட்டம் எது என்பதை அரசமைப்பின் 6ஆம் உறுப்பு வரையறுக்கிறது. அரசமைப்பு, அதன்படி இயற்றப்பட்ட ஃபெடரல் சட்டங்கள், உடன்படிக்கைகள், இவ்வளவுதான். பிரகடனம் அந்தப் பட்டியலில் இல்லை. பிரகடனத்தை மட்டும் ஆதாரமாகக் காட்டும் மனு முதல் கட்டத்திலேயே தள்ளுபடியாகும்.

நீதிமன்றத்தில் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். இதைச் செய்யும் அதிகாரம் காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) தரப்பட்டிருக்கிறதா? தரப்பட்டிருந்தாலும் ஏதேனும் தடை குறுக்கே நிற்கிறதா? முதலாவதற்கு விடை பெரும்பாலும் 1ஆம் உறுப்பின் 8ஆம் பிரிவில் இருக்கிறது. 18 கூறுகள்: வரி, கடன், மாநிலங்களுக்கிடையேயான வணிகம், நாணயம், அஞ்சல், போர், இப்படி. இரண்டாவதற்கு 9ஆம் பிரிவையும் முதல் பத்துத் திருத்தங்களையும் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். 1787இல் எழுதியவர்கள் அதைத்தான் பெரிய வேலியாக நினைத்தார்கள். உரிமைப் பட்டியல் தேவையில்லை, ஆபத்தும்கூட என்று ஹாமில்டன் வாதிட்டதற்குக் காரணம் அதுவே. தராத அதிகாரத்துக்குத் தடை எழுதினால், எழுதாத மற்றதெல்லாம் தரப்பட்டதாகப் பொருள் கொள்வார்கள் என்பது அவர் அச்சம். அதற்கு மருந்தாக வந்தது 9ஆம் திருத்தம்: பட்டியலில் இல்லை என்பதற்காக ஓர் உரிமை இல்லை என்றாகாது. 1789இல் காங்கிரஸ் 12 திருத்தங்களை அனுப்பியது. 1791 டிசம்பர் 15இல் பத்து நிறைவேறின. விட்டுப்போனதில் ஒன்று 1992இல் 27ஆம் திருத்தமாக உள்ளே வந்தது தனிக் கூத்து.

ஆனால் 9ஆம் திருத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்கு வென்றுவிடலாம் என்று எண்ண வேண்டாம். தம்பதியரின் கருத்தடை உரிமை பற்றிய 1965 கிரிஸ்வோல்ட் தீர்ப்பில் நீதிபதி கோல்ட்பர்க் தனிக்குறிப்பில் அதை நீட்டி எழுதினார். பெரும்பான்மை அதன்மேல் மட்டும் நிற்கவில்லை. எழுதப்படாத உரிமைகள் இன்று 5, 14ஆம் திருத்தங்களின் "உரிய சட்டநெறி" வழியாகத்தான் உள்ளே வருகின்றன. நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் ஆழ வேரூன்றியதா என்பது 1997 குளுக்ஸ்பர்க் வழக்கின் அளவுகோல். 2022 டாப்ஸ் தீர்ப்பு அந்த அளவுகோலைக் கொண்டுதான் கருக்கலைப்பு உரிமையை நீக்கியது.

மிளகுரசம்:
18 கூறுன்னு வேலி போட்டது சரி அண்ணே, அந்த வேலியில யானையே நுழையற ஓட்டை இருக்கே, அதையும் சொல்லுங்க. ஒஹையோ விவசாயி ஃபில்பர்ன். அரசு ஒதுக்கினது 11.1 ஏக்கர், அவர் கோதுமை விதைச்சது 23. கூடுதலா விளைஞ்ச 239 புஷலுக்கு, புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம். "என் மாட்டுக்கும் என் வீட்டுக்கும் வச்சுக்கிட்டேன், விக்கவே இல்ல"ன்னார். 1942ல உச்ச நீதிமன்றம் ஒருமனதா சொன்னது: நீ விளைவிச்சா சந்தையில வாங்க மாட்டே, உன்னை மாதிரி எல்லாரும் செஞ்சா மாநிலங்களுக்கு இடையிலான விலை மாறும், அதனால இது வணிகம்தான். விக்காததே வணிகம்னு ஆனப்புறம் 18 கூறு எதுக்கு, ஒண்ணே போதாதா?

எட்டுக்கல்:
ஓட்டை இருப்பது உண்மை. 1995இல் லோபஸ் வழக்கு அதைக் கொஞ்சம் அடைத்தது. பள்ளியைச் சுற்றி துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கிய 1990ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டம் 5-4 என்ற நீதிபதிகள் வாக்கில் ரத்தானது; ஏறத்தாழ 60 ஆண்டுகளில் வணிகக் கூறுக்கு விழுந்த முதல் கடிவாளம். 2000இல் மோரிசன் வழக்கிலும் அதே வழி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு சட்டத்தை இப்படிச் சோதிக்கலாம்: கட்டுப்படுத்தப்படும் செயல் பொருளாதாரச் செயலா? சட்ட வாசகத்திலேயே மாநிலம் தாண்டிய தொடர்பு நிரூபிக்க வேண்டிய ஓர் அம்சமாக வைக்கப்பட்டிருக்கிறதா? காங்கிரஸ் கண்டறிந்து பதிவு செய்தது என்ன? செயலுக்கும் வணிகத்துக்கும் இடையில் எத்தனை கணுக்கள்?

வென்ற கையோடு கொண்டாடுகிறவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. லோபஸுக்கு அடுத்த ஆண்டே, 1996இல், காங்கிரஸ் அதே சட்டத்தைத் திரும்ப நிறைவேற்றியது. சேர்த்தது "மாநிலம் விட்டு மாநிலம் நகர்ந்த துப்பாக்கி" என்ற பொருளில் ஒரு சொற்றொடர்தான். கிட்டத்தட்ட எல்லாத் துப்பாக்கியும் எங்கேயாவது எல்லை தாண்டியிருக்கும். கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் புதிய வடிவத்தை ஏற்றன. அதனால் இன்று ஃபெடரல் குற்றச்சாட்டை எதிர்க்கும்போது முதலில் அந்தச் சொற்றொடர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் லோபஸ் வாதம் பெரும்பாலும் எடுபடாது.

எல்லாரும் மருத்துவக் காப்பீடு வாங்க வேண்டும் என்ற ஒபாமாகேர் சட்டம் பற்றிய 2012 தீர்ப்பு இன்னும் நுட்பமானது. காப்பீடு வாங்காமல் சும்மா இருப்பவரை வணிகக் கூறின் கீழ் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். அதே தாளில், வாங்காதவர் கட்டும் தொகை வரிதான், வரிக் கூறின் கீழ் செல்லும் என்றும் எழுதினார். ஒரு கூறில் தோற்ற சட்டம் அடுத்த கூறில் தேறியது. 2017 வரிச் சட்டம் அந்தத் தொகையை 2019 முதல் பூஜ்யமாக்கிவிட்டது என்பது வேறு.

பனையோலை:
மிளகுரசத்துக்கு ஒரு சேர்க்கை. மாநில அரசுக்கு இந்த 18 கூறு வாதம் பொருந்தாது. பொது நலம், சுகாதாரம், ஒழுங்கு குறித்துச் சட்டம் செய்யும் பொது அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு; ஃபெடரலுக்கு இல்லை. அம்மை தடுப்பூசி மறுத்தவருக்கு மாசசூசெட்ஸில் விழுந்த 5 டாலர் அபராதத்தை 1905 ஜேக்கப்சன் வழக்கு ஏற்றது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஃபெடரல் தொழில் பாதுகாப்பு அமைப்பு விதித்த கோவிட் தடுப்பூசி அல்லது பரிசோதனை விதியை 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 6-3 நிறுத்தியது. இரண்டாவது தீர்ப்பு தனிநபர் உரிமையைப் பற்றியதே அல்ல. அந்த அமைப்புக்கு காங்கிரஸ் அவ்வளவு அதிகாரம் தந்ததா என்பதைப் பற்றியது. உரிமை வாதம் தோற்கும் இடத்தில் அதிகார வாதம் வெல்லும் என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

குறுக்குத்துறை:
அப்படியானால் மாநிலம் நம் உரிமையை மீறினால் முதல் பத்துத் திருத்தங்கள் உதவாதா?

பனையோலை:
தொடக்கத்தில் உதவவில்லை. பால்டிமோர் நகராட்சி ஓடைகளைத் திருப்பிவிட்டதால் மணல் சேர்ந்து ஒருவரின் படகுத்துறை பயனற்றுப் போனது. இழப்பீடு கேட்டு 5ஆம் திருத்தத்தைக் காட்டினார். அது ஃபெடரல் அரசை மட்டுமே கட்டும் என்று 1833இல் தலைமை நீதிபதி மார்ஷல் சொல்லிவிட்டார். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் 14ஆம் திருத்தம் வந்தது. அதன் வழியாக ஒவ்வொரு உரிமையாக மாநிலங்கள்மீது ஏற்றப்பட்டது: பேச்சு 1925 கிட்லோ, வழக்குரைஞர் உதவி 1963 கிடியன், ஆயுதம் 2010 மெக்டொனால்ட், மிகை அபராதத் தடை 2019 டிம்ஸ். டிம்ஸ் வழக்கில் அதிகபட்ச அபராதம் 10,000 டாலர். இண்டியானா பறிக்கப் பார்த்தது 42,000 டாலருக்கு வாங்கிய வண்டியை. இன்னும் ஏறாதவை உண்டு. குற்றவழக்கில் (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும்) பெருநடுவர் குழு, உரிமையியல் வழக்கில் நடுவர் குழு இரண்டையும் மாநில நீதிமன்றத்தில் ஃபெடரல் அரசமைப்பைக் காட்டிக் கேட்க முடியாது. மாநில அரசமைப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வடகரை:
இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். மாநிலம் ஃபெடரல் சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்க முடியாது. கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பது பற்றிய லிட்டில் ராக் பள்ளி விவகாரத்தில் 1958 கூப்பர் தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியாகக் கையெழுத்திட்டுச் சொன்னது இது. ஆனால் அதைச் செயல்படுத்த மாநிலம் ஆள் தர வேண்டியதில்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

1992 நியூயார்க் வழக்கில், அணுக்கழிவை ஏற்பாடு செய்யாத மாநிலம் அதற்கு உரிமையாளராக வேண்டும் என்ற விதி ரத்தானது. 1997 பிரின்ட்ஸ் வழக்கில், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரீப் சோதிக்க வேண்டும் என்ற பிரேடி சட்டக் கட்டளை 5-4 விழுந்தது. 2018 மர்பி வழக்கில், விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்ட 1992ஆம் ஆண்டுத் தடை போனது. "செய்" என்பது மட்டுமல்ல, "சட்டம் செய்யாதே" என்பதும் ஆணைதான் என்று அதில் தெளிவானது. இந்தக் கோட்பாட்டின் வேரை 1842 பிரிக் வழக்கிலேயே பார்க்கலாம்: தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் ஃபெடரல் சட்டம் செல்லும், ஆனால் அதை நிறைவேற்ற மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது. எந்தக் கட்சிக்கும் சொந்தமான கோட்பாடு அல்ல இது. துப்பாக்கிக்கு வலதுசாரிகளும் குடியேற்றத்துக்கு இடதுசாரிகளும் அதே தீர்ப்பைத்தான் நீட்டுகிறார்கள்.

விதிவிலக்கை மறக்கக் கூடாது. மாநிலத்தையும் தனியாரையும் ஒரே தராசில் கட்டுப்படுத்தும் சட்டம் செல்லும். ஓட்டுநர் விவரங்களை விற்கத் தடை போட்ட சட்டத்தை 2000 கோண்டன் வழக்கு ஒருமனதாக ஏற்றது. ஒதுங்கி நிற்பது வேறு, மறிப்பது வேறு என்பதையும் பார்க்க வேண்டும். கைதியைக் கூடுதலாக 48 மணி நேரம் வரை வைத்திருக்கச் சொல்லி குடியேற்றத் துறை அனுப்பும் படிவம் கோரிக்கைதான், ஆணையல்ல என்று 2014இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (வட்டம் என்பது ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைப் பகுதி) கூறியது. அதை மாவட்டச் சிறை மறுக்கலாம். ஃபெடரல் அதிகாரி கையில் நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டுடன் வரும்போது ஆளை ஒளித்து வைத்தால் அது ஃபெடரல் குற்றம்.

மிளகுரசம்:
கஞ்சா கதையும் இதுதானே? மாநிலம் அனுமதிச்சிருச்சு, கடை திறந்திருக்கு, ஃபெடரல் சட்டம் மட்டும் அப்படியே இருக்கு.

வடகரை:
அதேதான். கலிஃபோர்னியாவில் மருத்துவத்துக்காக வீட்டில் வளர்த்த ஆறு செடிகளை 2002இல் ஃபெடரல் அதிகாரிகள் அழித்தார்கள். 2005 ரெய்ச் வழக்கில் 6-3 என்று ஃபெடரல் தரப்பு வென்றது. ஃபில்பர்னின் கோதுமைதான் அங்கேயும் மேற்கோள். மாநிலம் தன் தண்டனையை நீக்கலாம், ஃபெடரல் தண்டனையை நீக்க முடியாது. உண்மையில் காப்பாற்றியது பணம்தான். 2014 டிசம்பர் முதல், மாநில மருத்துவக் கஞ்சாச் சட்டங்களைத் தடுக்க நீதித்துறை பணம் செலவிடக் கூடாது என்ற வாசகத்தை காங்கிரஸ் ஒதுக்கீட்டுச் சட்டங்களில் சேர்த்து வந்தது. அதைக் காட்டி, மாநிலச் சட்டத்தை முழுதாகப் பின்பற்றியவர்மேல் போட்ட வழக்கை நிறுத்தலாம் என்று 2016இல் ஒன்பதாம் வட்டம் தீர்ப்பளித்தது. மாநில விதியில் ஒரு செடி கூடினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும் ஆபத்து இருக்கிறது. ஒதுக்கீட்டில் அந்த வாசகம் அடுத்த ஆண்டு இல்லையென்றாலும் போய்விடும்.

பணத்தால் வரும் அழுத்தம் எதிர்த்திசையிலும் பாயும். குடிப்பதற்கான வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் 5 சதவீதம் குறைப்போம் என்ற 1984ஆம் ஆண்டுச் சட்டத்தை 1987 டோல் வழக்கு 7-2 ஏற்றது. ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டை விரிவாக்காத மாநிலம் இருக்கிற மெடிக்கெய்டு பணம் முழுவதையும் இழக்கும் என்ற மிரட்டலை 2012இல் அதே 7-2 எண்ணிக்கையில் நீதிமன்றம் தடுத்தது. சராசரி மாநில வரவுசெலவில் 10 சதவீதத்துக்கு மேல் அது. 5க்கும் 10க்கும் நடுவில் கோடு போட்டதாக நினைக்காதீர்கள்: 5 என்பது ஒரு திட்டப் பணத்தின் பங்கு, 10 என்பது மொத்த வரவுசெலவின் பங்கு. எங்கே கோடு என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை.

மானியத்தை நிறுத்துவோம் என்று கடிதம் வந்தால் நகராட்சி வழக்குரைஞர் முதலில் பார்ப்பது, நிபந்தனை காங்கிரஸ் எழுதிய சட்டத்தில் இருக்கிறதா, துறை தானாகச் சேர்த்ததா என்பது. துறை சேர்த்ததென்றால் வழக்கு பாதி வென்ற மாதிரி. அடுத்து, பணம் வாங்கும்போதே நிபந்தனை தெளிவாக இருந்ததா, மானியத்தின் நோக்கத்தோடு அதற்குத் தொடர்பு உண்டா. காவல் துறை மானியத்தில் சேர்த்த குடியேற்ற நிபந்தனைகளை 2018இல் ஏழாம் வட்டம் தடுத்தது, 2020இல் இரண்டாம் வட்டம் அனுமதித்தது. ஆகவே எந்த ஊரில் வழக்குப் போடுகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும்.

நெறியாளர்:
நடப்புக் கட்சி அரசியல் பதிவுகள் மூன்று நீக்கப்பட்டன. கேள்வியோடு நில்லுங்கள்.

குறுக்குத்துறை:
மூன்றாவது பாக்கி. ஃபெடரல் அதிகாரி தப்பான வீட்டுக் கதவை உடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உரிமையை மீறும் அதிகாரிமேல் வழக்குப் போட வழி தரும் 1983ஆம் பிரிவின் (ஆண்டல்ல, பிரிவு எண்) கீழ் வழக்குப் போடலாமா?

எட்டுக்கல்:
கூடாது. முதலில் நடக்கும் தவறு அதுதான். 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் 1983ஆம் பிரிவு மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்கு மட்டும். ஃபெடரல் அதிகாரிமேல் நேரடியாக அரசமைப்பின்கீழ் இழப்பீடு கேட்க 1971 பிவென்ஸ் வழக்கு வழி திறந்தது. 1979, 1980இல் இன்னும் இரண்டு சூழலுக்கு நீண்டது. அதற்குப் பின் உச்ச நீதிமன்றம் புதிதாக ஒன்றையும் ஏற்கவில்லை. 2022 எக்பர்ட் தீர்ப்புக்குப் பிறகு கதவு ஏறத்தாழ மூடிவிட்டது. பிவென்ஸை மட்டும் நம்பி வழக்குப் போடுபவர், அது தள்ளுபடியாகும்போது மற்ற வழியின் கெடுவும் முடிந்திருப்பதைக் காண்பார்.

மற்ற வழி 1946ஆம் ஆண்டு ஃபெடரல் தீங்கியல் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு) உரிமைகோரல் சட்டம். இங்கே பிரதிவாதி அமெரிக்க அரசு, அதிகாரி அல்ல. நடைமுறை இப்படிப் போகும்:

1. எஸ்.எஃப்.-95 படிவத்தை நிரப்பி, சம்பந்தப்பட்ட துறைக்கே அனுப்ப வேண்டும். சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் துறையின் கைக்குச் சேர வேண்டும். அஞ்சலில் போட்ட தேதி கணக்கில்லை. பதிவு ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள்.
2. தொகைக் கட்டத்தில் ஒரே ஒரு டாலர் எண். "பின்னர் தெரிவிக்கப்படும்", "குறைந்தது இவ்வளவு" என்றெழுதினால் கோரிக்கையே செல்லாமல் போகலாம். சொத்துச் சேதம், உடல் காயம் தனித்தனிக் கட்டம். மொத்தத் தொகைக் கட்டத்தை வெறுமையாக விடுவதுதான் அடிக்கடி கவிழ்க்கும் பிழை.
3. துறைக்கு 6 மாதம். மறுத்து எழுத்தில் அறிவித்தால், அறிவிப்பு அஞ்சலில் போன நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. 6 மாதமாகியும் பதிலே இல்லையென்றால் அதை மறுப்பாகக் கொண்டு வழக்குப் போடலாம்.

நடுவர் குழு கிடையாது, தண்டனை இழப்பீடு கிடையாது. வழக்குரைஞர் கட்டணம் துறை அளவில் முடிந்தால் 20 சதவீதம், வழக்கானால் 25 சதவீதம் வரைதான். வாதத்தை அரசமைப்பு மீறல் என்று எழுதினால் தோற்கும். சம்பவம் நடந்த மாநிலத்தின் தீங்கியல் சட்டப்படி அத்துமீறல், தாக்குதல், சட்டவிரோதக் காவல் என்று எழுத வேண்டும். நான்காம் திருத்தம் மனம் முழுக்க இருந்தாலும் தாளில் ஜார்ஜியாவின் அத்துமீறல் சட்டம்தான் இருக்க வேண்டும்.

ஜார்ஜியாவைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அட்லாண்டாவில் 2017இல் எஃப்.பி.ஐ. தவறான வீட்டுக்குள் புகுந்த வழக்கு 2025 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதாக முடிந்தது. ஃபெடரல் உச்ச அதிகாரத்தைக் காட்டி அரசு தப்ப முடியாது என்று ஒரு கேடயம் பறிக்கப்பட்டது. சட்ட அமலாக்க அதிகாரிகளின் வேண்டுமென்றே செய்த தீங்குக்கு வழி விடும் 1974 சேர்க்கை, "விருப்புரிமைச் செயல்" விலக்கை (அதிகாரி தன் முடிவுக்கு விடப்பட்டதில் எடுத்த முடிவுக்கு வழக்கில்லை என்பது) தாண்டாது என்று இன்னொரு கேடயம் அரசிடமே விடப்பட்டது. வீட்டெண்ணைச் சரிபார்ப்பது விருப்புரிமையா என்பதுதான் இனி கீழமை நீதிமன்றச் சண்டை.

மிளகுரசம்:
ஆக, பறிக்க முடியாத உரிமை, ஒரு கட்டத்தை நிரப்பாம விட்டா பறிபோயிடும். நல்லா இருக்கு.

பனையோலை:
நக்கலில் உண்மை இருக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள்: யாரும் பறிக்காமல் உரியவரே விட்டுக்கொடுப்பது. வீட்டைச் சோதிக்கலாமா என்று கேட்டு நீங்கள் தலையாட்டினால் சோதனை செல்லும். மறுக்க உரிமை உண்டு என்று காவலர் சொல்ல வேண்டியதில்லை (1973 ஷ்நெக்லாத்). வீட்டில் இருவர் இருந்து ஒருவர் வாசலில் நின்றே மறுத்தால் மற்றவர் சம்மதம் செல்லாது (2006 ராண்டால்ஃப்). மறுத்தவர் சட்டப்படி கைதாகி அகற்றப்பட்ட பின் மற்றவர் சம்மதித்தால் செல்லும் (2014 ஃபெர்னாண்டஸ்). மௌனமாக இருக்கும் உரிமையை வாய் திறந்து சொல்லித்தான் பெற வேண்டும். 2010 பெர்கைஸ் வழக்கில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசாதிருந்தவர் கடைசியில் சொன்ன ஒரு பதில் அவருக்கு எதிராக நின்றது. "பேச விரும்பவில்லை, வழக்குரைஞர் வேண்டும்" என்ற ஒரு வாக்கியம் போதும். பொய் மட்டும் சொல்லக் கூடாது. ஃபெடரல் அதிகாரியிடம், சத்தியப்பிரமாணம் இல்லாமல் சொன்ன பொய்க்கும் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

இந்திய வாசகர்கள் ஒப்பிட்டுக்கொள்ளலாம். 1959 பசேஷர் நாத் வழக்கில், சமத்துவ உரிமையைக் குடிமகன் தானாகக் கைவிட்டாலும் அந்தக் கைவிடல் செல்லாது என்றது இந்திய உச்ச நீதிமன்றம். "பறிக்கவியலாதது" என்று முழங்கிய நாட்டில் கையெழுத்துப் போட்டுக் கைவிடலாம். குறைந்த தண்டனைக்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தில் நாள்தோறும் நடப்பது அதுதான்.

மிளகுரசம்:
1942ல ஜனாதிபதி போட்ட உத்தரவு 9066? சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாமுக்குப் போனப்ப எந்தக் கூறு, எந்தத் திருத்தம் வந்து நின்னது?

பனையோலை:
நிற்கவில்லை. 1944 கோரமாட்சு வழக்கில் அரசு 6-3 என்று வென்றது. அதே நாளில் வந்த எண்டோ தீர்ப்பு, விசுவாசமானவர் என்று அரசே ஏற்ற குடிமகளை அடைத்து வைக்க முடியாது என்றது. அதுவும் உரிமையின் பேரில் அல்ல, அப்படி அடைக்கும் அதிகாரம் முகாம் அமைப்புக்குத் தரப்படவில்லை என்ற காரணத்தில். தலைக்கு 20,000 டாலர் இழப்பீட்டுச் சட்டம் 1988இல் வந்தது. போர்க்காலத்தில் நீதிமன்றம் உரிமையைப் பார்த்துத் தயங்கும், அதிகாரப் பத்திரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும். 1952இல் எஃகு ஆலைகளை ஜனாதிபதி ட்ரூமன் கைப்பற்றியபோது 6-3 என்று விழுந்ததும் காங்கிரஸ் அனுமதி இல்லை என்பதால்தான்.

குறுக்குத்துறை:
எட்டுக்கல், ஒரு சின்னச் சந்தேகம். எஸ்.எஃப்.-95இல் எழுதிய தொகை போதாது என்று பிறகு தெரிந்தால்?

எட்டுக்கல்:
துறை இறுதி முடிவு சொல்வதற்கு முன்பும், நீங்கள் வழக்குப் போடுவதற்கு முன்பும் எழுத்தில் திருத்தலாம். திருத்திய நாளிலிருந்து துறைக்கு மறுபடி 6 மாதம் ஓடத் தொடங்கும். வழக்கில் எழுதிய தொகைக்கு மேல் கேட்க, முன்பு கண்டறிந்திருக்க முடியாத புதிய சான்று வேண்டும். ஆகவே மருத்துவச் செலவு முடிவாகாத நிலையில் முதல் முறையே மேல்வரம்பை எழுதுங்கள், தாராளமாக.